ஐந்து நிமிஷச் சூடு

என்ஜினுக்குள் ஆயில் கட்டிப்போய்விட்டது. அவ்வளவுதான். காலை ஆறு மணிக்குச் செங்கோடன் சாவியைத் திருப்பினார், சிவப்பு விளக்கு அணையவில்லை, உள்ளே எவனோ சின்னச் சுத்தியலை வைத்துக்கொண்டு தட்டுகிற மாதிரி டக்டக்கென்று கேட்டது, நிறுத்திவிட்டார். இப்போது மணி பத்தேகால். பரமத்தி வேலூர் பைபாஸ் ஓரத்தில் முபாரக்கின் தகரக் கொட்டகை. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தாயிற்று, பானெட்டைத் தூக்கியாயிற்று, பழைய பேட்டரிகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, "ஐயா, நீங்க இப்படி உக்காருங்க, கண்ணுல தூசி விழுந்துரப்போவுது" என்று அவரை ஓரங்கட்டியும் ஆயிற்று. கண் அவருடையது. வண்டி அவருடையது. உட்காரச் சொல்ல இவன் யார்? ஆனாலும் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் நேரே பானெட் தெரிகிறது, பானெட்டுக்குக் கீழே இரண்டு தலை தெரிகிறது, அதுவே பெரிய சங்கடம். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது அவருக்கு, இரண்டு பக்கமும் நாலு வருஷமாகக் கறுப்புத் திரை, நேரே இருப்பது மட்டும் ஊசி முனையாய்த் தெரியும். ஒரு தலை முபாரக்குடையது, படிய வாரியது, நாற்பது வயசுக்கு ஒரு நரை கிடையாது. இன்னொன்று கமலவேணி. அவர் சம்சாரம். அறுபத்திரண்டு வயசு. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்க்கிறாள். என்ன இருக்கிறது அதில் பார்க்க? இருபத்தைந்து வருஷமாக அந்த பானெட்டை அவள் தொட்டதில்லை. தொட விட்டதில்லை. "டீச்சர், இங்க வாங்க, இதைப் பாருங்க" என்றான் முபாரக். டீச்சர். ஐயா என்று கூப்பிடவில்லை. ஐந்தாம் வகுப்பில் இவனுக்குப் பாடம் எடுத்தாளாம், வந்து இறங்கியதுமே அந்தக் கதையைப் பேசியாகிவிட்டது, எத்தனையாவது பெஞ்சு, எந்த வருஷம், கணக்கு நோட்டு யார் கிழித்தது எல்லாம். ஊரில் பாதிப் பேருக்கு இவள் டீச்சர். எங்கே போனாலும் ஒருத்தன் கும்பிடுவான்.

டேப்பட் கவரைக் கழற்றி வைத்திருந்தான். மூடிக்கடியில் மஞ்சளும் வெள்ளையுமாய், திரிந்துபோன மோர்க்குழம்பு மாதிரி அப்பியிருந்ததை விரலால் வழித்துக் காட்டினான். அதற்குக் கீழே கறுப்பு. செங்கோடனுக்கு நாற்காலியிலிருந்தே அது என்னவென்று தெரிந்துவிட்டது. கழிவுப்பாகு. சர்க்கரை ஆலையில் கடைசியாக மிஞ்சுமே, கரண்டியை நட்டால் நிற்குமே, அந்தக் கறுப்பு, அந்த மினுமினுப்பு. "ஐயா வண்டிய வெச்சிருந்தாரா, ஊறுகா போட்டு வெச்சிருந்தாரா டீச்சர்?" என்றான். கமலவேணி சிரித்தாள். "ஊறுகாயின்னா மூணு மாசத்துல எடுத்துத் தின்னிருப்பம் கண்ணு, இது அதுக்கும் ஆகாது." இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு. பல்லெல்லாம் தெரிய, கழுத்தைப் பின்னால் சாய்த்து. வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆகிறது என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. அவரிடம் பேசும்போது ஒரு மாதிரி அளந்து பேசுவாள், சோறு ஆச்சுங்க, மாத்திரை போட்டீங்களா, கரண்ட் போயிருச்சு. அவ்வளவு. அந்தச் சிரிப்பை எங்கேயோ மூட்டை கட்டி வைத்திருக்கிறாள், வெளியாள் வந்தால் அவிழ்ப்பாள். அதைக் கண்டுபிடித்தது அவர் இன்றைக்கில்லை. தொண்ணூற்றெட்டில்.

அப்போது அவளைப் பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் கூட்டிப்போய்க் கூட்டி வந்தவன் ஞானப்பிரகாசம். சயின்ஸ் வாத்தியார். நீல ஸ்கூட்டர். பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று ஆரம்பித்தது. அவருக்குச் சர்க்கரை ஆலை பாய்லரில் ஷிப்ட், கொண்டுபோய் விட ஆளில்லை. ஒருநாள் காலை, ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது எதிரே அந்த ஸ்கூட்டர் வந்தது. கமலவேணி ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் ஸ்டெப்னியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டு போனாள். அவரைப் பார்க்கவில்லை. அவர் சைக்கிளை நிறுத்தினார். தூசி அடங்கும்வரை நின்றார். அதிலே என்ன தப்பு? ஒன்றுமில்லை. அந்த ஆள் ஜெபமாலைக்காரன், நாலு பிள்ளை பெற்றவன், வீட்டுக்கு வந்தால் தின்பண்டம் வாங்கிக்கொண்டு வருவான், அண்ணா அண்ணா என்று செங்கோடனைத்தான் கூப்பிடுவான். ஒன்றுமில்லை என்று அவருக்கே தெரியும். தெரிந்து என்ன? ஒரு தரமும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள், என்ன சொன்னான், எதற்குச் சிரித்தாள் என்று. அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை. அடுத்த வருஷம் இந்த வண்டியை வாங்கினார். வெள்ளை, நாலு பேர் உட்காரலாம், உட்கார்ந்தது இரண்டே பேர். ஷிப்டை மாற்றிக்கொண்டு காலை எட்டரைக்குப் பள்ளிக்கூட வாசல், சாயங்காலம் நாலரைக்குப் பள்ளிக்கூட வாசல். "சம்சாரத்துக்குக் கார் வாங்கிக் குடுத்துட்டான்யா செங்கோடன்" என்று பாய்லர் ஹவுசில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். ஞானப்பிரகாசம் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம். துக்கத்துக்கு இதே வண்டியில்தான் போனார்கள். அங்கே அவள் அழுதாள். எவ்வளவு நேரம் அழுதாள் என்று அவர் கடிகாரம் பார்த்தார். என்ன மனுஷன் நான் என்று அப்போதே நினைத்தார். நினைத்துக்கொண்டே பார்த்தார். பதினோரு நிமிஷம்.

"ஐயா," முபாரக் குரல் கொடுத்தான், "வண்டி எப்பப்ப எடுப்பீங்க?" வாரம் ஒருதரம் என்றார் செங்கோடன். கமலவேணி திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "தெனமும் காத்தால ஸ்டார்ட் பண்ணுவாரு கண்ணு. அஞ்சு நிமிசம். கடியாரத்தைப் பாத்து. கேட்டைத் தொறக்க மாட்டாரு." முபாரக் கையைத் துணியில் துடைத்தான். "நாலு வருசமா?" "நாலு வருசமா." அவன் தலையை ஆட்டினான். திட்டினால்கூடப் பரவாயில்லை, பெரியவருக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான். "அதுதான் ஐயா கெட்டது. அஞ்சு நிமிசத்துல என்ஜின் சூடு ஏறாது. உள்ள வேர்த்துத் தண்ணி விடும். அந்தத் தண்ணி வெளிய போறதுக்குள்ள ஆஃப் பண்ணிருவீங்க. அது ஆயிலோட சேந்து தெனமும் கொஞ்சங் கொஞ்சமாப் படிஞ்சு, கீழ ஆயில் சேம்பர்ல சல்லடைய அடைச்சிருச்சு. ஆயில் மேல ஏறல. நீங்க ஸ்டார்ட்டே பண்ணாம சும்மா விட்டிருந்தாக்கூட இவ்வளவு கெட்டிருக்காது." செங்கோடன் பேட்டரிகளைப் பார்த்தார். நேரே பார்க்க வேறு ஏதாவது வேண்டியிருந்தது. முப்பத்தொரு வருஷம் பாய்லர் பார்த்தவர். ஷிப்டுக்கு ஒருதரம் அடிவால்வைத் திறந்து சகதியை வெளியே தள்ளாவிட்டால் டியூப் வெடிக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அரைச்சூட்டில் பாய்லரை நிறுத்தி நிறுத்திப் போடாதீங்கடா, வேர்த்தே செத்துப்போகும் என்று மற்றவர்களைக் காய்ச்சுவார். அந்தச் செங்கோடன்தான் இது. டாக்டர் வண்டி ஓட்டக்கூடாது என்று சொன்ன மறுநாளிலிருந்து, குளித்து, விபூதி இட்டு, ஷெட்டுக்குள் போய், கதவைச் சாத்தி, ஐந்து நிமிஷம் சத்தம் கேட்டுவிட்டு வருவார். ஓட்ட முடியாது, ஆனால் செத்துப்போகவும் விடக்கூடாது. வேறு யாரும் ஓட்டவும் கூடாது. ஆயில் குறைந்த மாதிரி தெரிந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுவார். பழசை எடுக்கமாட்டார். எடுக்கக் குனிந்தால் கண்ணுக்குள் நோகும், ஆளைக் கூப்பிட்டால் ஆள் ஓட்டிப் பார்க்கிறேன் என்பான். பழசின்மேல் புதுசு, பழசின்மேல் புதுசு. அவரே போட்ட ஊறுகாய்.

"கடைசியா எப்ப ஆயில் மாத்துனீங்க? சர்வீஸ் அட்டை கிட்டை ஏதாச்சும் இருக்குதுங்களா டீச்சர்?" "டேஷ்போர்டுல இருக்கும், எடுத்துக்க." செங்கோடன் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து பேட்டரிமேல் விழுந்தது. நான் எடுக்கறேன் என்றார். குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது. முபாரக் கதவுப் பிடியில் வைத்த கையை எடுத்தான். அட்டை இருக்கிறது டேஷ்போர்டுக்குள். அட்டைக்கு அடியில் பழைய ஆர்.சி. ஜெராக்ஸ், அதற்கு அடியில் ஒரு பழுப்புக் கவர், ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து தபாலில் வந்தது, கமலவேணி பெயருக்கு. இரண்டு வருஷம் ஆகிறது. அறுபது வயசில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறேன் என்றாள், போ என்றார், அவளால் முடியாது என்று நினைத்துத்தான். முடிந்துவிட்டது. எட்டு போட்டாளாம், ஒரு தடவையில். அன்றைக்கு சாயங்காலம் ஜிலேபி வாங்கி வந்தாள். போஸ்ட்மேன் கவரைக் கொடுத்த நாள் அவள் வீட்டில் இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கினார். உள்ளே லைசென்ஸ், அதில் அவள் படம், சிரிக்காமல் இருந்தாள். ஷெட்டுக்குப் போய் வண்டியில் வைத்தார். நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று. அடுத்த நாள் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணும்போது நினைத்தார், இவள் ஓட்ட ஆரம்பித்தால் எங்கெங்கே போவாள்? தங்கச்சி வீடு, பழைய வாத்தியார்கள் வீடு, அந்தச் செத்தவன் பெண்டாட்டி வீடு, கல்யாணம், காதுகுத்து. கழுத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டு. பக்கத்தில் யார் யார் உட்காருவார்கள்? யாராவது உட்காருவார்கள். நாலு சீட் இருக்கிறதே. இரண்டு தரம் கேட்டாள், "தபால்ல ஏதாச்சும் வந்துச்சுங்களா?" இல்லை என்றார். மூன்றாம் தரம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அவரைத் தின்றது. உடம்பால் மறைத்துக்கொண்டு டேஷ்போர்டைத் திறந்தார். விரல் கவரைத் தொட்டது. அட்டையை மட்டும் உருவி வெளியே நீட்டினார்.

அட்டை அவர் கையால் கோடு போட்டது. பாய்லர் ஹவுஸ் ரிஜிஸ்டர் மாதிரியே நாலு பத்தி: தேதி, கிலோமீட்டர், என்ன கெட்டது, சரிசெய்தது யார். முபாரக் வாங்கிப் படித்தான். படித்து மீட்டரைப் பார்த்தான். "கடைசியா ஆயில் மாத்தினதுக்கு அப்புறம் ஒம்பது கிலோமீட்டர்தான் ஓடியிருக்குதுங்க." வாரம் ஒருதரம் என்று அவர் சொன்னதை ஞாபகப்படுத்தவில்லை. அந்த மரியாதைதான் சுட்டது. பிறகு கடைசிப் பத்தியை மேலிருந்து கீழே விரலால் தேய்த்தான். செங்கோடன், செங்கோடன், செங்கோடன். "எல்லாம் நீங்களேவா ஐயா பார்ப்பீங்க? கிளட்சு பிளேட்டுகூட?" ஆமாம் என்றார். கிளட்ச் பிளேட் மாற்றியது நாமக்கல்லில் ஒருத்தன். ரேடியேட்டர் பார்த்தது இன்னொருத்தன். யார் பார்த்தாலும் இவர் பெயர்தான். இன்னொருத்தன் பெயர் இந்த வண்டிக்குள் எதற்கு? கமலவேணிக்குத் தெரியும், அவள்தான் பக்கத்து சீட்டில் இருந்தவள். அவள் முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் இரண்டு மணி நேரம். முபாரக் கீழே படுத்து சேம்பரைக் கழற்றினான். மரக்குச்சியால் சுரண்டினான், இரும்பு போட்டால் கீறிவிடும் என்று அதையும் டீச்சருக்குச் சொன்னான். சல்லடையைக் கழற்றி டீசலில் ஊறப்போட்டான். தட்டில் கறுப்பு குவிந்தது. கமலவேணி ஒரு பழைய பல் பிரஷை வாங்கி டேப்பட் கவரைத் தேய்க்க ஆரம்பித்தாள். சேலை நுனியைச் செருகிக்கொண்டு, முழங்கை வரை கறுப்பு, வீட்டில் கொத்தமல்லித் தழை ஆய்கிற அதே முகம். இவனுக்காகச் செய்கிறாளா? வண்டிக்காகச் செய்கிறாளா? எனக்காகவா? மூன்றாவது இருக்காது. டீச்சர் நீங்க எதுக்கு என்றான் அவன். "சும்மா இரு, முப்பது வருசம் போர்டு அழிச்ச கைடா இது." மறுபடியும் சிரிப்பு. செங்கோடன் எழுந்து போய்ச் சோடா வாங்கினார். ஒன்று வாங்கினார். வரும்போது இன்னொன்றும் வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. திரும்பிப் போகவில்லை. கொட்டகையில் டீசல் நாற்றம், தகரம் காய்கிற நாற்றம். குடித்தார். இந்த டேஷ்போர்டைத் திறந்து பார்த்துவிட்டால் என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்லமாட்டாள். தங்கச்சி வீட்டுக்கு பஸ் ஏறிப் போவாள். நாலு நாள் என்று போவாள். ஐந்தாம் நாளும் அங்கே இருப்பாள். அவர் ஷெட்டுக்குள் போய்ச் சாவியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதுதான் பயம். மற்றதெல்லாம் பயமில்லை.

ஒரு மணிக்கு எல்லாவற்றையும் பூட்டி, மட்டமான ஆயில் ஊற்றி ஸ்டார்ட் பண்ணினான் முபாரக். டக்டக் இருந்தது. கொஞ்ச நேரத்தில் குறைந்தது. சிவப்பு விளக்கு மினுங்கி மினுங்கி எரிந்தது. "பாதிதான் ஆச்சுங்க ஐயா. கைபடாத எடத்துல இன்னும் இருக்கும். இப்ப இந்த ஆயிலோட நாமக்கல் போயி திரும்பணும், நாப்பது கிலோமீட்டருக்குக் கொறையாம, எங்கயும் நிறுத்தாம, அம்பதுலயே. நல்லா சூடேறுனாத்தான் மிச்சம் கரையும். வந்ததும் சூட்டோட இதைத் தொறந்து விட்டுட்டு நல்ல ஆயில் ஊத்திரலாம். நான் ஓட்டறேன். பக்கத்துல ஒருத்தர் அந்த வெளக்கையே பாத்துக்கிட்டு வரணும், மறுபடி நின்னு எரிஞ்சா ஒடனே சொல்லணும். டீச்சர் வரட்டும். ஐயா, உங்க கண்ணுக்கு வேணாம், நீங்க இங்க இருங்க, பிரியாணி சொல்லியிருக்கறேன்." டீச்சர் வரட்டும். நாற்பது கிலோமீட்டர். ஐம்பதிலேயே. எங்கயும் நிறுத்தாம. செங்கோடனுக்குக் காதில் ரத்தம் ஏறியது. நீல ஸ்கூட்டர் பைபாஸில் போனது. இவன் மகன் வயசுக்காரன், இவனுக்கு இவள் அஞ்சாம் வகுப்பு வாத்தியாரம்மா, முட்டாளே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே நடந்தார். இடது கதவைத் திறந்தார். டேஷ்போர்டைத் திறந்தார். இவனா, அவளா? இவன் ஓட்டினால் அவள் பக்கத்தில். அவள் ஓட்டினால் பக்கத்தில் நான். கணக்கு அவ்வளவுதான், வேறு நல்ல எண்ணம் ஒன்றும் அந்த நேரத்தில் அவர் மனசில் இல்லை. கவரை எடுத்து அவள் பக்கம் நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. "நீ ஓட்டு" என்றார்.

கமலவேணி கையைப் பார்த்தாள், கறுப்பாயிருந்தது. முபாரக்கிடம் துணி வாங்கித் துடைத்தாள். நிதானமாகத் துடைத்தாள், விரல் விரலாக. பிறகு கவரை வாங்கி, உள்ளே பார்க்காமல், மடித்து இடுப்பில் செருகினாள். "போன ஆயுத பூசைக்கு வண்டி தொடைக்கறப்பவே பாத்துட்டனுங்க" என்றாள். "எங்க இருந்தா என்ன, வண்டிக்குள்ளதான இருக்குதுன்னு விட்டுட்டேன்." அவருக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல இருந்தது. "ஏன் கேக்கல?" என்றார் கடைசியில். "கேட்டா நீங்க குடுத்திருப்பீங்க. அப்புறம் எட்டு நாளைக்குப் பேசமாட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவள் வலது கதவைத் திறந்து ஏறினாள். முபாரக் தகரத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இடது சீட். இருபத்தைந்து வருஷத்தில் அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. இங்கே சீட் பள்ளமாக இருந்தது, அவள் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம், அவருக்குப் பொருந்தவில்லை. பைபாஸ் ஏறியதும் வலப்பக்கம் அவள் கறுப்புத் திரைக்குள் மறைந்துபோனாள். குரல் மட்டும் இருந்தது. "வெளக்கு?" "எரியுது." "வெளக்கு?" "விட்டு விட்டு." லாரிகள் தாண்டிப் போயின. ஒருத்தன் ஹாரன் அடித்தான், அவள் "போடா உங்கொப்பன் ரோடா" என்றாள், அவர் திரும்பிப் பார்த்தார், திரும்பினால்தான் தெரிவாள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், முதுகு நிமிர்ந்து, முதல் வகுப்பில் போய் நிற்கிற புது வாத்தியார் மாதிரி. சிரிக்கவில்லை. கியரை அவள் மாற்றும்போது கிளட்ச் உறுமவில்லை. அவர் மாற்றினால் ஒரு சின்ன உறுமல் இருக்கும், அது வண்டியின் குணம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். இப்போது வண்டியின்மேலும் பொறாமை வந்தது. இதற்கும் அவளைத்தான் பிடித்திருக்கிறது. சூட்டு முள் நடுவுக்கு வந்தது. நாலு வருஷத்தில் அந்த முள் அடியை விட்டு எழுந்ததில்லை. காலடியில் வெதுவெதுப்பு ஏறியது, கொஞ்சம் தீய்ந்த வாசனை வந்தது, பாய்லர் முழு அழுத்தத்துக்கு வரும்போது கால் வழியாக ஒரு நடுக்கம் மேலே வருமே, அது வந்தது. நாமக்கல் மலை நேரே எழுந்து நின்றது, அது அவருக்குத் தெரிந்தது. "வெளக்கு?" என்றாள். அவர் குனிந்து பார்த்தார். கையை வைத்து வெயிலை மறைத்துப் பார்த்தார். "அணைஞ்சிருச்சு." கொஞ்ச தூரம் போனாள். "ஞானப்பிரகாசம் ஸ்கூட்டர்ல அன்னைக்கு எதுக்குச் சிரிச்சே?" என்று கேட்டார். கேட்டது தான்தானா என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. "என்னைக்குங்க?" என்றாள் அவள். எந்த நாள் என்று எப்படிச் சொல்வது? சைக்கிளை நிறுத்திய நாள். தூசி. "ஒண்ணுமில்ல. ரோட்டைப் பாரு." அவள் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொட்டகைக்குத் திரும்பி, சூட்டோடு சேம்பர் நட்டைத் திருகிவிட்டான் முபாரக். மை மாதிரி ஓடியது, கட்டியில்லாமல், கடைசிவரை. புது ஆயில் ஊற்றினான். காதை வைத்துக் கேட்டான். சத்தமில்லை. "தெனமும் டீச்சரை ஒரு பத்துக் கிலோமீட்டராச்சும் ஓட்டச் சொல்லுங்க ஐயா. அஞ்சு நிமிச வேலையெல்லாம் இனி வேணாம்." செங்கோடன் அட்டையை வாங்கிக்கொண்டு பானெட்மேல் வைத்தார். பானெட் கை வைக்க முடியாமல் கொதித்தது. தேதி எழுதினார். கிலோமீட்டர் எழுதினார். ஆயில் கட்டி அடைப்பு என்று எழுதினார். கடைசிப் பத்தியில் பேனா நின்றது. முபாரக் என்று எழுத வேண்டும், நியாயம் அதுதான், அதற்கு மனசு வரவில்லை, செத்தாலும் வராது. மேலே இருபத்தைந்து வருஷமாகத் தன் பெயர். அதையும் எழுத முடியவில்லை, அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கோணாமல் இருக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கட்டம் நிறைய, பெரிதாக எழுதினார்: கமலவேணி.